போகையிலும் ஏற்றம், வருகையிலும் ஏற்றம்

“வரும்போது மிதிக்கவே வேண்டாம்னு போர்டுல எழுதினது யாரு?”

சுற்றுலா அலுவலகக் கவுண்டருக்கு முன்னால் நின்ற அம்மாளின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்தபடி அவருடைய கணவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பேசும் நிலையில் அவர் இல்லை. ‘அதேதான்’ என்பதுபோல ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

“நான்தாங்க எழுதினேன்” என்றார் ரசமட்டம், கொஞ்சம் பெருமையாகவே.

ரசமட்டம் என்பது அலுவலகம் அவருக்கு வைத்த பெயர். நில அளவைத் துறையிலிருந்து மாற்றலாகி வந்தவர். தரை மட்டமாக இருக்கிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்ப்பார்களே, உள்ளே குமிழி ஓடும் கட்டை, அந்த ரசமட்டம் எப்போதும் அவர் பையில் இருக்கும். விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் அதை வைத்துப் பார்த்து, “உங்க மேசை இந்தப் பக்கம் சாயுதுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அதனாலேயே அவரை எந்த வீட்டிலும் இரண்டாம் தடவை விருந்துக்குக் கூப்பிட்டதில்லை.

அப்படிப்பட்டவர் முதல் தடவையாக ஒரு யோசனை சொல்லி, அதை அலுவலகமும் ஏற்றுக்கொண்டிருந்தது. ரயில் நின்றுபோய், தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துப் போய்விட்ட பழைய மலை ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கலாம் என்பதுதான் அது. அடிவார ஸ்டேஷன் சைக்கிள் கொட்டகை ஆனது. அங்கிருந்து குன்றுகளை வளைத்துக்கொண்டு, பாலம் தாண்டி, சுரங்கம் தாண்டி, மேல் ஸ்டேஷன் வரை போகலாம். கனத்த டயர் போட்ட மலைச் சைக்கிள்கள் புத்தம் புதிதாக வந்து இறங்கின. வாங்கியது சும்மா கிடக்கக் கூடாது என்பதற்காக, சொந்தச் சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்று பெரிய சார் உத்தரவே போட்டுவிட்டார்.

ரயில் ஏறிய பாதையில் செங்குத்துக்கு வேலையில்லை. போகும்போது லேசான ஏற்றம். அப்படியென்றால் வரும்போது அதே அளவு இறக்கம். இந்தக் கணக்கை நம்பித்தான் ரசமட்டம் தன் கையாலேயே போர்டு எழுதினார்: ‘போகும்போது மெல்ல மிதியுங்கள். வரும்போது மிதிக்கவே வேண்டாம்!’

“போகும்போது ஏத்தம். அதை நான் ஒத்துக்கறேன்” என்றார் அம்மாள். “வரும்போதும் ஏத்தம்! மிதிக்காம உக்காந்தா சைக்கிள் அப்படியே நிக்குது. இவரு சுரங்கத்துக்குள்ள நின்னு அழுதாரு.”

“அழலை” என்றார் கணவர். அன்று அவர் பேசிய ஒரே வார்த்தை அது.

“எதிர்க்காத்தா இருக்கும்மா.”

“ஒரு இலை ஆடலை!”

ரசமட்டம் சிரித்து அனுப்பிவைத்தார். மறுநாள் வேறொரு குடும்பம் வந்தது. அதற்கு மறுநாள் ஒரு கல்லூரிக் கூட்டம். எல்லாரும் நாக்குத் தள்ள வந்து ஒரே குற்றச்சாட்டைச் சொன்னார்கள். போகும்போதும் ஏற்றம், வரும்போதும் ஏற்றம்.

பெரிய சார் கூப்பிட்டார்.

“என்னய்யா, நீ போட்ட பாதையில போறவன் எல்லாம் உன்னைத் திட்டிக்கிட்டே வர்றான்?”

“சார், இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கீழ விழலைங்க சார்.”

“விழற அளவுக்கு வேகமாப் போனாத்தானேய்யா விழுவான்! இந்த மாசம் முடியட்டும். இதே லட்சணம்னா அந்த இடத்தை லாரி நிறுத்த விட்டுடுவேன். நீ தபால் பிரிவுக்குப் போய் முத்திரை குத்து.”

ரசமட்டத்துக்கு முத்திரை குத்துவதுகூடப் பரவாயில்லை. புதர் மண்டிக் கிடந்த அந்தப் பாதையை அடிஅடியாக நடந்து அளந்தவர் அவர். சுரங்கத்துக்குள் வௌவாலோடு வௌவாலாக நின்று மட்டம் பார்த்தவர். அங்கே லாரி நிற்பதை நினைக்கவே அவருக்குத் தாங்கவில்லை.

அன்று மாலையே கொட்டகைக்குப் போய் ஒரு சைக்கிளை எடுத்தார். கொட்டகை மெக்கானிக் பழைய துணியால் சீட்டைத் துடைத்துக் கொடுத்தார்.

மேல் ஸ்டேஷன் போய்ச் சேருவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. சரி, அது ஏற்றம். இனி இறக்கம்தானே? கால்களை மிதிகட்டையில் சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சைக்கிள் கொஞ்ச தூரம் யோசித்து யோசித்து உருண்டது. பிறகு நின்றுவிட்டது.

இறங்கி, ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். குமிழி ‘இறக்கம்’ என்றது. ஏறி உட்கார்ந்தார். சைக்கிள் ‘இல்லை’ என்றது. இறங்கினார், ஏறினார், இறங்கினார். சர்வீஸில் சேர்ந்த நாளிலிருந்து பொய்யே சொல்லாத குமிழி. அன்றைக்கு அதை அவர் முதல் தடவையாகச் சந்தேகத்தோடு பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார். மனைவி கணக்கு டீச்சர். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவர் சிவப்புப் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

“கிளம்பின இடத்துக்கேதானே திரும்பி வந்தீங்க?”

“ஆமா.”

“போறப்பவும் ஏத்தம், வர்றப்பவும் ஏத்தம்னா, நீங்க வந்து சேர்ந்த ஸ்டேஷன் இந்நேரம் வானத்துல இருக்கணுமே?”

“இருக்கணும்தான். ஆனா கொட்டகை இருந்த எடத்துலதான் இருக்கு!”

டீச்சர் பேனாவை மூடினார். கணக்கு ஒத்துவரவில்லை என்றால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அடுத்த விடுமுறை நாளில் ஒரு டென்னிஸ் பந்தோடு கணவருடன் மேல் ஸ்டேஷனுக்கு நடந்தே போனார். கூடவே அவருடைய தம்பியும் ஒட்டிக்கொண்டான். வேலை கிடைக்கும்வரை அக்கா வீட்டில் தங்கியிருப்பவன். செல்போனில் படித்ததையெல்லாம் நம்புகிறவன் என்பதால் வீட்டில் அவனுக்கு விஞ்ஞானி என்று பெயர்.

டீச்சர் பந்தைத் தரையில் வைத்துக் கையை எடுத்தார். பந்து விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடியது. மூன்று பேரும் பாலம் வரை துரத்தித்தான் பிடித்தார்கள்.

“பந்துக்கு மட்டும் இறக்கம், எனக்கு மட்டும் ஏத்தமா?” என்றார் ரசமட்டம், பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. அவருக்குப் பயம் போய் ஆச்சரியம் வந்திருந்தது. இதன் காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் செத்தால்கூடக் கட்டை வேகாது என்று தோன்றியது.

“மாமா, பிடிச்சுட்டேன்!” என்றான் விஞ்ஞானி. “இது காந்த மலை!”

“என்னடா உளர்றே?”

“மனுஷ ரத்தத்துல இரும்பு இருக்கு மாமா. சைக்கிள்லயும் இரும்பு இருக்கு. எந்தப் பக்கம் போனாலும் மலை பின்னால பிடிச்சு இழுக்குது. பந்துல இரும்பும் இல்லை, ரத்தமும் இல்லை. அது பாட்டுக்கு ஓடிப்போச்சு!”

“அப்ப நடந்து வந்தப்போ நம்மளை ஏன்டா இழுக்கலை?” என்று கேட்டார் டீச்சர்.

“நீ எதுக்கெடுத்தாலும் கேள்வி கேட்பேக்கா.”

மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. காரணம் பிடிபடாத ரசமட்டம், போர்டையாவது மாற்றுவோம் என்று இறங்கினார். ‘மிதிக்கவே வேண்டாம்’ என்பதை அழித்துவிட்டு, ‘நடுத்தரமான பாதை’ என்று எழுதினார். அதைப் பார்த்து, தினமும் உடற்பயிற்சி செய்கிறவர்கள் வந்தார்கள். போன வேகத்தில் திரும்பி வந்து, “இதுவாய்யா நடுத்தரம்?” என்று கத்தினார்கள். உடனே ‘மிகக் கடினமான பாதை’ என்று மாற்றினார். இப்போது தோளும் தொடையுமாகப் பயில்வான்கள் வந்தார்கள். மானம் போகக் கூடாதே என்று, திரும்பும்போது சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, “தூக்கிப் பாக்கலாம்னு தோணிச்சு” என்று சமாளித்தார்கள்.

இந்த நேரம் பார்த்து விஞ்ஞானி தன் காந்த மலைக் கதையைச் செல்போனில் எழுதி உலகத்துக்கு அனுப்பிவிட்டான். போதாக்குறைக்கு, ‘அந்தக் காலத்து ரயிலும் இரண்டு பக்கமும் திணறியதாம், அதனால்தான் நிறுத்திவிட்டார்களாம்’ என்று கற்பனையாக ஒரு வரியும் சேர்த்துவிட்டான்.

மறுநாள் கொட்டகை வாசலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மூச்சுத் திணறத் திணற வந்து, “ஆமா, இழுக்குது! இடுப்பைப் பிடிச்சு இழுக்குது!” என்று சாட்சி சொன்னார்கள். ஒருவர் தன் மூட்டுவலி குணமானதாகச் சொன்னார். இன்னொருவர் தன் மூட்டுவலியே அங்கேதான் ஆரம்பித்ததாகச் சொன்னார். இரண்டையும் கூட்டம் ஒரே பக்தியோடு கேட்டுக்கொண்டது.

பெரிய சாருக்குத் தலைகால் புரியவில்லை.

“ஏய்யா, இவ்வளவு பெரிய விஷயத்தை வச்சுக்கிட்டு ‘மிதிக்க வேண்டாம்’னு எழுதி வச்சிருந்தியே! போர்டை மாத்து. ‘மர்ம மலை, இரு பக்கமும் ஏற்றம்’. திறப்பு விழா வைக்கறோம். நானே ஓட்டிக் காட்டறேன். விழா முடிஞ்சதும் நீதான் பிரிவுத் தலைவர்.”

“சார், எதுக்கும் இன்னும் கொஞ்சம் ஆராய்ச்சி பண்ணிட்டு…”

“ஆராய்ச்சி பண்ணிக் கெடுத்துடாதே!”

ரசமட்டத்துக்குச் சந்தோஷம்தான், வெட்கமாகவும் இருந்தது. தன் பாதை பிழைத்துவிட்டது. ஆனால் தன் குமிழி பொய் சொல்கிறது என்று ஊருக்கே போர்டு எழுதியதும் அவர் கைதான். எழுதி முடித்துவிட்டு, அந்த போர்டு மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை.

விழா அன்று மேடை, வரிசை வரிசையாக நாற்காலிகள், நிருபர்கள், குறுக்கே ஒரு நாடா. மலையை வென்று மூச்சுத் திணறத் திரும்பி வரும் பெரிய சார் சைக்கிளில் வந்தபடியே நாடாவை வெட்டுவதாக ஏற்பாடு. அவர் கழுத்தில் டை கட்டிக்கொண்டு கிளம்பினார். மேல் ஸ்டேஷன் போய்விட்டார் என்று போன் வந்தது.

“நினைச்சதைவிடச் சீக்கிரமாப் போயிட்டாரே?” என்றார் டீச்சர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

“திறமைசாலி” என்றான் விஞ்ஞானி.

எல்லாரும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுரங்க வாயில் ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி பெரிய சார் ஆனது. மிதிக்கவில்லை. இரண்டு கால்களையும் அகல விரித்துக்கொண்டு, டை தோளுக்குப் பின்னால் பறக்க, “நிக்கலைய்யா! நிக்கலை!” என்று அலறிக்கொண்டு வந்தார். பாலத்தைத் தாண்டினார். கொட்டகையைத் தாண்டினார். கத்தரிக்கோலுக்கு வேலை வைக்காமல் நாடாவை நெஞ்சாலேயே அறுத்துக்கொண்டு, முன்வரிசை நாற்காலிகளுக்குள் புகுந்து, நான்காவது வரிசையில் நின்றார்.

நல்லவேளை, ஒரு கீறல்கூட இல்லை. நாற்காலி ஒன்று மட்டும் அவர் கழுத்தில் மாட்டியிருந்தது.

“இதுல என்னய்யா மர்மம்? சர்ர்னு இறங்கித்தானே வர்றாரு?” என்றது கூட்டத்தில் ஒரு குரல். “ஏமாத்து வேலை!” என்றது இன்னொரு குரல். நிருபர்கள் சிரித்துக்கொண்டே படம் எடுத்தார்கள். விஞ்ஞானி சந்தடியில்லாமல் கம்பி நீட்டினான்.

“இறக்கம்யா! முழுக்க முழுக்க இறக்கம்!” நாற்காலிச் சட்டத்துக்குள்ளிருந்து பெரிய சார் கர்ஜித்தார். “நாளைக்கே நீ முத்திரை குத்தப் போறே. நாளை மறுநாள் இங்க லாரி நிக்கும்!”

ரசமட்டத்தின் காதில் பாதிதான் விழுந்தது. பதவி போனது, பாதை போனது, எல்லாம் போனது. ஆனாலும் குமிழி சொன்னது சரி! நெஞ்சு நிறைய ஒரு நிம்மதி வந்தது. அடுத்த நொடியே பழைய கேள்வியும் வந்தது. அப்படியானால் இத்தனை நாளும் இத்தனை பேரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தது எது?

கவிழ்ந்து கிடந்த சைக்கிளை நிமிர்த்த வந்த மெக்கானிக், ரசமட்டத்தின் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

“கோவிச்சுக்காதீங்க சார், பெரியவரு மிதிச்சுக் கஷ்டப்படக் கூடாதேன்னு இந்த ஒரு சைக்கிள்ல மட்டும் பிரேக்கைத் தளர்த்தி விட்டேன், மத்ததெல்லாம், யாரும் வேகமாப் போய் விழுந்துடக் கூடாதுன்னு மொத நாளே நீங்க சொன்னீங்களே, அன்னையிலிருந்து இறுக்கி வச்சபடியேதான் சார் இருக்கு.”