ராஜா மாலையை உண்பார்

ஒரு காட்டில் நிர்வாகத் துறை என்று ஒன்று இருந்தது. சிங்கராஜாவும் இருந்தார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ராஜா இல்லாமல் அந்தக் காடு பல வாரங்கள் ஓடியிருக்கிறது. அவர் பல்வலியோடு குகைக்குள் முடங்கிக் கிடந்தபோது யாரும் கவனிக்கக்கூட இல்லை. நிர்வாகத் துறை ஒரு நாள் பூட்டிக் கிடந்தால் மட்டும், இன்றைக்குச் சூரியன் உதித்ததற்கு யார் ஒப்புதல் கொடுத்தது என்று மிருகங்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும்.

துறைக்கு வருடம் பூராவும் வேலை. முதலில் விடுமுறைப் பட்டியல் தயாரிக்க வேண்டும். ஒரு முறை ஆந்தைகளுக்கு இரவிலும் மற்றவர்களுக்குப் பகலிலும் விடுமுறை விட்டு, காட்டில் ஒரு ஈ காக்கைகூட வேலைக்கு வரவில்லை, அது தனிக்கதை. அடுத்து, ராஜாவுக்குப் பக்கத்தில் யார், அவருக்குப் பக்கத்தில் யார் என்று இருக்கை வரிசை போட வேண்டும். இந்த விஷயத்தில் யானையும் காட்டெருமையும் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கடைசியாக ஆண்டறிக்கை. ‘காட்டு நாள் விழா சீரும் சிறப்புமாக நடந்தேறியது’ என்ற வரியை விழாவுக்கு முன்பே அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு அந்த வரியைக் காப்பாற்றுவதற்காக விழாவை நடத்துவார்கள்.

துறையின் செயலாளர் ஒரு கொக்கு அம்மையார். ஒற்றைக் காலில் நின்று யோசிப்பார். யோசனை முடிந்துவிட்டதா, தூங்கிவிட்டாரா என்று யாருக்கும் தெரியாது. அவருக்குக் கீழே கண்காணிப்பாளர் உடும்பு. ஒரு கோப்பைப் பிடித்தால் கோப்பு கிழிந்தாலும் கிழியும், பிடி விடாது. இவர்கள் இருவருக்கும் தேநீர் வாங்கி வரவும், கோப்பு சுமக்கவும், மணி அடிக்கவும் ஒரு வெள்ளாட்டுக் கிடா இருந்தான். அவன் பெயர் தவசி. தாடி இருந்ததால் வைத்த பெயர்.

தவசி காட்டுக்காரன் இல்லை. பக்கத்து ஊரில் ஏதோ சாமிக்கு நேர்ந்துவிட்டிருந்தார்கள். கழுத்தில் மாலை போட்டு, தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அவன் சம்மதமாகத் தலையை உலுக்கட்டும் என்று சுற்றி நின்று காத்திருந்தார்கள். தவசிக்கு விஷயம் புரிந்துவிட்டது. தலையை உலுக்கவில்லை, கயிற்றை உலுக்கினான். அப்போது எடுத்த ஓட்டம் காட்டுக்குள் வந்துதான் நின்றது. வந்த இடத்தில் அரசு வேலை கிடைத்ததும், சாமி நம்மைக் கைவிடவில்லை என்று நினைத்துக்கொண்டான் பாவம். எந்தச் சாமி என்று யோசிக்கவில்லை.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. அரசு ஊழியரை எவரும் தின்னக் கூடாது, ராஜாவும் சேர்த்திதான். நிரந்தர ஊழியருக்கு இந்தப் பாதுகாப்பு இரவும் பகலும் உண்டு. தற்காலிக ஊழியருக்கு அலுவலக நேரத்தில் மட்டும். தவசி தற்காலிகம். ஆகவே மாலையில் மணி அடிப்பவனும் அவன்தான், அடித்த கையோடு முள்காட்டைப் பார்த்துத் தலைதெறிக்க ஓடுபவனும் அவன்தான். சிறுத்தை ஒன்று தினமும் வாசலில் நின்று, “இன்னிக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியா தவசி?” என்று அன்பாக விசாரிக்கும்.

இது போதாதென்று இன்னொரு சங்கடம். தற்காலிகப் பணி, காட்டு நாள் அன்று மாலையோடு முடியும். அன்று மாலைதான் ராஜாவுக்கு விருந்து. விருந்து ஏற்பாடும் இதே துறையின் பொறுப்பு. சிக்கனம் கருதி இரண்டையும் ஒரே கோப்பில் முடித்துவிடுவார்கள். தவசிக்கு முன்னால் அந்தப் பியூன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது ஒரு முயல்.

தப்பிக்க ஒரே வழி பணிநிரந்தரம். அதற்கான கோப்பு ராஜாவிடம் போகாமல் இல்லை. போனது, வந்தது. ‘பேசவும்’ என்று ராஜா நகத்தால் கீறி அனுப்பியிருந்தார். அப்படி எழுதி வந்த கோப்பைப் பற்றிப் பேசுவது துறையில் வழக்கமில்லை. எனவே கோப்பு பரணில் தூங்கியது. தவசிக்குத்தான் தூக்கம் போனது.

இப்படி இருக்கையில் காட்டு நாள் நெருங்கியது. வழக்கமாக, போன வருட நிகழ்ச்சி நிரலை எடுத்து ஆண்டை மட்டும் மாற்றி ராஜா கையில் கொடுப்பார்கள். அந்த வருடம் பழைய நிரலைத் தேடினால், அது இருந்த இடத்தில் கரையான் புற்று இருந்தது.

உடும்பு கொக்கு அம்மையாரிடம் ஓடினார். காரணம் இருக்கிறது. ராஜாவின் அப்பா ஒரு காட்டு நாளில் அணிவகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, எதிரே இருந்த வேங்கை மரத்துக்கு மரியாதை செலுத்திவிட்டார். குரங்குகள் அதை இன்னமும் நடித்துக் காட்டிச் சிரிக்கின்றன. மகன் சிங்கத்துக்குப் புலி, வேடன், காட்டுத்தீ எதற்கும் பயமில்லை. அப்பாவைப் போல் சபையில் ஏடாகூடமாக எதையாவது செய்துவிடுவோமோ என்பது ஒன்றுதான் பயம். தாளில் எழுதியதைச் செய்வார். எழுதாததைச் செய்ய மாட்டார், தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வார்.

கொக்கு அம்மையார் காலை மாற்றி நின்று யோசித்தார்.

“ஒத்திகை இருக்குல்ல? அதுல ராஜாவா நிக்கறவர் என்னென்ன செய்யறாரோ, ஒண்ணு விடாம குறிச்சுக்கோங்க. அதையே நிரலா அடிச்சிடலாம்.”

“சரிங்க மேடம். ராஜாவா யாரை நிறுத்தறது?”

ராஜா ஒத்திகைக்கு வருவதில்லை. அவர் நாற்காலியில் உட்காரவோ யாருக்கும் தைரியமில்லை. இம்மாதிரி வேலைகளை யார் தலையில் கட்டுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

“தாடி இருக்கு மேடம்,” என்றார் உடும்பு, தவசியை மேலும் கீழும் பார்த்து. “தூரத்துலருந்து பாத்தா பிடரி மாதிரிதான் இருக்கும்.”

முதல் ஒத்திகையில் தவசியை நாற்காலியில் ஏற்றிக் குடை பிடித்தார்கள். யானை வந்து சாமந்தி மாலை போட்டது. காலையிலிருந்து நாற்காலி துடைத்து, மைக் சுமந்து, ஒரு வாய் தழை தின்ன நேரமில்லாமல் அலைந்தவன் அவன். மூக்குக்கு நேரே மாலை. யோசிக்கவில்லை, தின்றுவிட்டான். அடுத்து மைக்கை நீட்டி, “ராஜா உரை,” என்றார்கள். தவசி அலறிப்போய், “மே!” என்றான். உடும்பு குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் ஒத்திகைக்கு நிரல் அச்சாகி வந்துவிட்டது. எல்லோருக்கும் கேட்கும்படி உடும்பு வாசித்தார்.

“ராஜாவுக்கு மாலை அணிவிக்கப்படும். ராஜா மாலையை உண்பார். ராஜா ‘மே’ என்று தமது உரையை நிகழ்த்துவார்.”

தவசி ஓடி வந்தான். “சார், அது நான் பசியில தின்னது சார். ராஜா எப்படி சார் பூவைத் தின்பாரு?”

“மேடம் ஒப்புதல் கொடுத்தாச்சுப்பா. இனிமே இதுல ஏதாவது சேக்கலாம், எடுக்கத்தான் முடியாது. எடுக்கணும்னா ஏன் எடுக்கறோம்னு மேல எழுதணும். நீ பேசாம ஏறி உக்காரு.”

தவசி ஏறி உட்கார்ந்தான். மாலை வந்தது, தின்றான். மைக் வந்தது, கத்தினான். வாயில் மிச்சமிருந்த பூவை மென்றுகொண்டிருக்கும்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. இந்த நாற்காலியில் உட்கார்ந்து நாம் எதைச் செய்தாலும் எழுதுகிறார்கள். எழுதியதை ராஜா செய்வார். சேர்க்கலாம் என்று சாரே சொல்லிவிட்டார். நாளை மாலை நம் கதை முடியப்போகிறது; அதிகபட்சம் என்ன ஆகிவிடும், தின்பார்கள். சும்மா இருந்தாலும் தின்னத்தான் போகிறார்கள்.

தொண்டையைக் கனைத்துக்கொண்டான். “அந்த… தவசியோட பணிநிரந்தரக் கோப்பைக் கொண்டு வாங்க.”

சொல்லி முடித்ததும் அவனுக்கு மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. உடும்பு தலையைத் தூக்கினார். அவர் பார்வை நாற்காலியின் மேல் விழுந்தது. நாற்காலியில் இருப்பவர் ராஜா. ஒத்திகையில் அப்படித்தான் கொள்ள வேண்டும். பரணில் ஏறிக் கோப்பை எடுத்து, தூசி தட்டி, பணிவாக நீட்டினார்.

தவசி குளம்பைப் பதித்தான். உடும்பு எழுதினார்: ராஜா கோப்பில் கையெழுத்திடுவார்.

அடுத்தது விருந்து. அதையும் பார்த்துவிட வேண்டும் என்றார் கொக்கு அம்மையார். இலை போட்டார்கள். இலையில் வர வேண்டிய பண்டமே நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் இலை காலியாக இருந்தது. பரிமாற வந்த நரி ஒன்றும் புரியாமல் விழித்தது.

“புல்லு கொண்டு வாங்க,” என்றான் தவசி. இந்த முறை தொண்டையைக் கனைக்கவில்லை.

விடிந்தது, காட்டு நாள். சிங்கராஜா பிடரியைச் சீவி, நாற்காலியில் அமர்ந்து, தாளைக் கையில் பிடித்திருந்தார். யானை மாலை போட்டது. ராஜா தாளைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். மெதுவாகக் கழுத்தைத் திருப்பிக் கொக்கு அம்மையாரைப் பார்த்தார். அம்மையார், ஆமாம், சரியாகத்தான் இருக்கிறது என்பதுபோல் தலையை அசைத்தார்.

ராஜா மாலையைத் தின்றார்.

நாரும் பூவுமாக அவர் கடைவாயில் தள்ளி மெல்ல, கண்ணில் நீர் கட்டியது. முன் வரிசையில் ஒரு கரடிதான் முதலில் வாயைத் திறந்தது. “அடேயப்பா, என்ன எளிமை!” அவ்வளவுதான், காடே கை தட்டியது. பிறகு ராஜா மைக்கைப் பிடித்து, அடிவயிற்றிலிருந்து, “மே!” என்றார். மான்கள் தேம்பித் தேம்பி அழுதன. “நம்ம பாஷையில பேசிட்டார்யா, இத்தனை காலத்துல யாருய்யா பேசினா!” என்று ஒரு கிழமான் பக்கத்தில் இருந்த ஓநாயின் தோளில் சாய்ந்து அழுதது. ஓநாய் சங்கடத்தோடு தட்டிக்கொடுத்தது.

நாற்காலிக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டிருந்த தவசி இதில் எதையும் ரசிக்கும் நிலையில் இல்லை. உடும்பு கோப்பை நீட்டுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். குடை ஆடியது.

ராஜா நகத்தை நீட்டினார். பிறகு, அவர் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தார்.

“இது என்ன கோப்பு?”

உடும்பு தன் குறிப்பில் தேடினார். ஒத்திகையில் ராஜா கேள்வி கேட்கவில்லை. கேள்வி இல்லாததால் பதிலும் எழுதப்படவில்லை. தவசி கண்ணை மூடிக்கொண்டான். ஊரிலேயே தலையை உலுக்கியிருந்தால் இந்நேரம் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

கொக்கு அம்மையார் ஒற்றைக் காலில் ஒரு எட்டு முன்னால் வந்தார். “மன்னிக்கணும் ராஜா. கேள்வி கேக்கறது நிரல்ல இல்லை.”

ராஜாவின் முகம் வெளுத்தது. வேங்கை மரம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். “அப்படியா? யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்களே?” என்று கிசுகிசுத்துவிட்டு, அவசர அவசரமாகக் கீறிக் கையெழுத்துப் போட்டார்.

மாலை மணியைத் தவசிதான் அடித்தான். அடித்துவிட்டு, வழக்கப்படி கால்கள் முள்காட்டுப் பக்கம் திரும்பின. இழுத்து நிறுத்தினான். சிறுத்தை வாசலில் நின்றது. தவசி பணிநிரந்தர ஆணையை விரித்துக் காட்டினான். சிறுத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, பெருமூச்சு விட்டு, “வாழ்த்துகள் சார்,” என்றது. அந்த ‘சார்’ காதில் விழுந்ததும் தவசிக்கு அழுகையே வந்துவிட்டது. அரசு வளாகத்தின் நடுவில், பட்டப்பகல் போலக் கால்களை அகட்டி நின்று, கொஞ்ச நேரம் சும்மா காற்று வாங்கினான். பிறந்ததிலிருந்து அப்படி நின்றதில்லை.

அதற்குள் விருந்துப் பந்தலிலிருந்து நரி ஓடி வந்தது. “சார், ராஜா கூப்பிடறாரு.”

ராஜா இலை முன்னால் அமர்ந்திருந்தார். சுற்றிலும் குடிமக்கள். வாய் நிறையப் புல். மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. துப்புவது தாளில் இல்லை. தவசியைக் கிட்டே வரச் சொல்லி, கூட்டத்துக்குக் கேட்காமல் முனகினார்.

“ஏம்ப்பா, இதை எப்படி உள்ளே தள்ளறது?”

“முதல்ல அப்படியே முழுங்கிடணும் ராஜா. அப்புறம் சாவகாசமா வாய்க்குத் திரும்பக் கொண்டுவந்து அசை போடணும்.”

ராஜா தாளைப் புரட்டினார். முன்னும் பின்னும் பார்த்தார். “அது இதுல இல்லையே?”

தவசி தாளை வாங்கி, தாடியைத் தடவியபடி நிதானமாகப் படித்தான்.

“ஆமாங்க ராஜா, விட்டுப்போச்சு,” என்றான். “அடுத்த வருஷம் சேத்துடறோம்.”

நீதி: எப்பேர்ப்பட்ட சிங்கமும் புல் தின்னும்; தாளில் அச்சடித்து, உரிய ஒப்புதலோடு நீட்ட வேண்டும், அவ்வளவுதான்.