பின்பாதி கேட்காத ஆச்சு மேஸ்திரி

ஒரு வாக்கியத்தின் பின்பாதியை ஒருநாளும் காதில் வாங்காமலே தலை நரைத்த மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான். அவர் வேலூரில் இருந்தார். சந்தேகமுள்ளவர்கள் ஆம்பூர் வரை போய் விசாரித்துக்கொள்ளலாம். அங்கேயும் அவரால் நஷ்டப்பட்டவர்கள் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, எங்களுக்கு அவர் 'ஆச்சு மேஸ்திரி'. நாம் வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை விடுவதற்குள் "ஆச்சு!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். முழுக்கக் கேட்டுக்கொண்டு நிற்பது வேலை தெரியாதவன் லட்சணம் என்பது அவருடைய கட்சி.

வேறு பாஷைக்காரர்களிடம் இந்தக் குணம் இருந்தால் பாதகமில்லை. நம் தமிழில் 'வேண்டாம்', 'கூடாது', 'முடியாது' எல்லாம் வாக்கியத்தின் கடைசி வண்டியில் ஏறி வருகிற ஆசாமிகள். ஆகவே மேஸ்திரியிடம் எதை வேண்டாம் என்று சொல்லப் போனோமோ, அது தவறாமல் நடந்துவிடும். ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு தோல் ஷாப்பில் அவர் இருந்தபோது, முதலாளி பாய் "அந்த ஈரத் தோலையெல்லாம் வெயில்ல போட..." என்று ஆரம்பித்தாராம். "ஆச்சு பாய்!" சாயங்காலம் பார்த்தால் அத்தனை தோலும் அப்பளம்.

"போட வேணாம்னு சொல்ல வந்தேன்யா!" என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

"வேணாம்னா அத மொதல்ல சொல்றதுக்கு இன்னா பாய்?" என்றார் மேஸ்திரி.

அந்தப் பாய் நல்ல மனுஷர். மேஸ்திரியை விரட்டாமல், எங்களுக்குச் சிபாரிசு செய்து அனுப்பிவிட்டார்.

எங்களுடையது நவாபு காலத்து மாளிகை. சர்க்கார் அதை மியூசியமாக்கி, உடைந்த பீரங்கியையும் தலையில்லாத சிலைகளையும் கொண்டுவந்து வைத்திருந்தது. ஜனங்கள் அதை 'செத்த காலேஜ்' என்பார்கள். நான் அந்தச் செத்த காலேஜில் உயிரோடிருந்த குமாஸ்தா. அதுவும் ஆக்டிங் குமாஸ்தா. அதாவது நாற்காலி உண்டு, நம்பிச் சாய முடியாது. கலவை ஊரிலிருந்த என் மாமனாரோ, "வேலை பர்மனென்ட் ஆவட்டும், அப்பால பொண்ண அனுப்பறேன்" என்று என் மனைவியைப் பிறந்த வீட்டிலேயே நிறுத்தி வைத்திருந்தார். கல்யாணமாகியும் நான் ஆக்டிங் புருஷன்தான்.

மியூசியத்துக்கு அதிகாரியாயிருந்த எங்கள் வெள்ளைக்காரத் துரைக்கு ஓர் ஆசை. மாளிகைக்கு முன்னால் முள் மண்டிக் கிடந்த மைதானத்தில் நவாபு வைத்திருந்த தோட்டத்தை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும். துரை தமிழ் பேசுவார். ஆனால் இங்கிலீஷ் வரிசையில் பேசுவார். "வேண்டாம் வெட்ட அந்த மாமரம்!" என்பார். எங்களுக்கெல்லாம் சிரிப்பு வரும். மேஸ்திரி ஒருவர்தான் மரியாதையாக மாமரத்தை விட்டு விலகிப் போனார்.

"தொரை ஒருத்தருதான் ஒழுங்கா தமிழ் பேசறாரு, கிளார்க்கு. எது வேணாமோ அத மொதல்ல சொல்லிட்றாரு பாரு."

கோடைக்கு மலைக்குப் புறப்படுகிற அன்று துரை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "மேஸ்திரி! எனக்கு வேணும் இங்கே பழைய சார்பாக்..."

"ஆச்சு தொரை!"

மேஸ்திரி போய்விட்டார். துரை என்னைப் பார்த்து, "வருவேன் திரும்பி. இருந்தால் தோட்டம், உன் வேலை பர்மனென்ட்" என்று காரில் ஏறிவிட்டார். சார்பாக் என்றால் என்ன என்று நான் துரையைக் கேட்டிருக்கலாம். தெரியாது என்று ஒப்புக்கொள்கிற தைரியம் ஆக்டிங் குமாஸ்தாவுக்கு ஏது? ஓடிப்போய் மேஸ்திரியைப் பிடித்தேன்.

"மேஸ்திரி, சார்பாக்னா இன்னா?"

"படிச்சவரு கேக்கற கேள்வியா இது? ஏக், தோ, தீன், சார். சார்னா நாலு. நாலு பாக்கு!"

தோல் ஷாப்பில் பாய்களோடு பழகியவர் சொல்கிறார், தப்பாக இருக்குமா? நவாபு நிறைய வெற்றிலை போட்டிருப்பார் என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்துத் திருப்தியடைந்தேன்.

ஜோலார்பேட்டையில் ரயில்வேயிலிருந்த தோஸ்த் ஒருவரைப் பிடித்து, சேலத்துப் பக்கத்திலிருந்து நாலு பாக்குக் கன்று வரவழைத்தார் மேஸ்திரி. முள்ளை வெட்டியெறிந்து, மைதானத்தின் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு ஓரங்களில் ஒவ்வொன்றாக நட்டார். பாலாற்றிலேயே மணல் ஓடுகிற எங்கள் ஊரில் பாக்குக் கன்று! இரண்டாம் நாளே நான்கும் தலையைத் தொங்கப் போட்டன. மேஸ்திரி, மைதானத்தின் நடுவிலிருந்த நவாபு காலத்துப் பாழ்தொட்டியைத் தூர்வாரித் தண்ணீர் நிரப்பினார். அதிலிருந்து நாலு கன்றுக்கும் நேராகக் கயிறு பிடித்து, செங்கல் அடுக்க ஆரம்பித்தார்.

நான் கயிற்றுக்குக் குறுக்கே போய் நின்றேன். "மேஸ்திரி, பேஜார் பண்ணாதீங்க. நவாபு தோட்டத்துல போயி தோல் ஷாப்பு மாதிரி வாய்க்கா கட்ட..."

"ஆச்சு!"

என் 'கூடாது' அந்தரத்தில் நின்றது. நாலு வாய்க்காலும் சுண்ணாம்பு பூசிப் பளபளவென்று எழுந்துவிட்டன. இடையில் மிஞ்சிய நிலத்தில் துலுக்கசாமந்தி விதையை அள்ளி வீசினார்.

பூத்த சமயத்தில் ஆம்பூர் பாய், தாம் சிபாரிசு செய்த ஆள் எப்படியிருக்கிறார் என்று பார்க்க வந்தார். "சார்பாக் போட்டிருக்கோம்" என்று பெருமையாக நாலு பாக்குக் கன்றையும் காட்டினேன். பாய் தாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அரே, பாக்னா தோட்டம் ஜி! சார்பாக்னா நாலு தோட்டம்!"

நான் விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். ஒரு தோட்டத்துக்கே நாக்குத் தள்ளியிருக்கிறது; இன்னும் மூன்றுக்கு எங்கே போவேன்? பக்கத்துக் கத்திரிக்காய்க் கொல்லையை வாடகைக்குக் கேட்டேன். கொல்லைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னார். நேர்ந்துகொண்டிருக்கும்போதே துரையின் கார் வந்து நின்றது.

துரை யாரோடும் பேசாமல் நேரே மாடிக்குப் போனார். பின்னாலேயே மேஸ்திரி. அவருக்குப் பின்னால் தூண் தூணாகப் பிடித்தபடி நான். துரை கீழே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார்பாக்!" என்றார் மெதுவாக.

நானும் எட்டிப் பார்த்தேன். நடுவில் தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து நாலு திசைக்கும் நாலு வாய்க்கால். வாய்க்கால்களுக்கு இடையே மைதானம் நாலு சதுரமாகப் பிரிந்து, மஞ்சள் மஞ்சளாக நாலு தோட்டம். நவாபு எழுந்து வந்தால்கூட உலாவப் போயிருப்பார். எது தப்பு, எது சரி, நான் நிற்பது மாடியா தரையா, ஒன்றும் புரியவில்லை.

"ஏன் பாக்கு மரம்?" என்றார் துரை.

"நீங்க கேட்டதுதான் தொரை!" என்றார் மேஸ்திரி. துரைக்குப் புரியவில்லை. புரியாததால் மதிப்புடன் தலையாட்டினார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். மலையில் முன்ஷி ஒருவரை வைத்துக்கொண்டு கோடை முழுக்கத் தமிழ் கற்றிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. என் போதாத காலம், இலக்கண சுத்தமாகப் பேசினார். "இந்தக் குமாஸ்தாவைப் பர்மனென்ட் ஆக்க..."

"ஆச்சு தொரை!" என்று மேஸ்திரி போட்ட கூச்சலில் காக்கைகள் பறந்தன. கீழேயிருந்த வேலையாட்கள் என்ன ஏது என்று தெரியாமலே கைதட்டினார்கள். துரை திறந்த வாயை மூடினார். பின்பு சிரித்து, என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.

அவர் 'ஆக்கலாம்' என்று சொல்ல வந்தாரா, 'ஆக்க முடியாது' என்று சொல்ல வந்தாரா? இன்றுவரை தெரியாது. கலவையிலிருந்து மனைவி வந்து, பிள்ளைகளும் பிறந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். ஒருமுறை மேஸ்திரியையே கேட்டேன்.

"அன்னிக்கி தொரை இன்னா சொல்ல வந்தாரு?"

"அத யாருய்யா கேட்டா?" என்றார்.

போன வருஷம் கோலார் தங்கவயலில் இருக்கும் மகனோடு தங்கிவிடப் போகிறேன் என்று மேஸ்திரி மூட்டை கட்டினார். விஷயம் கேட்டு நான் வாசலுக்கு ஓடிவருவதற்குள் மூட்டை ஜட்காவில் ஏறியிருந்தது. அவருடைய ஒரு கால் வண்டிப் படியில். "மேஸ்திரி, எங்கள விட்டுட்டு நீங்க போக..." என்று வாய்வரை வந்துவிட்டது. சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த இடத்தில் 'ஆச்சு' என்று ஒரு வார்த்தை விழுந்தால் அப்புறம் யாரால் தடுக்க முடியும்?

எட்டிக் கையைப் பிடித்துக்கொண்டு, துரைத் தமிழில் சொன்னேன். "வேணாம், மேஸ்திரி. போக."

வாக்கியம் அவ்வளவுதான். ஆனால் மேஸ்திரி, வாழ்க்கையில் முதல் தடவையாக, மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ஜட்காக்காரனிடம் மூட்டையைக் கீழே வைக்கச் சொன்னார்.