யார் குலுக்கியது?

தஞ்சாவூருக்குக் கிழக்கே, வானத்தில் இன்ஜின் இருமத் தொடங்கியபோது சுடர்விழிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பைலட் லைசென்ஸுக்கான பரீட்சை அது. போன தடவை பதறிப்போய்த் தோற்றிருந்தாள். இந்தத் தடவை, பக்கத்து இருக்கையில் இருந்த பரீட்சை அதிகாரி தமிழரசன் கிளம்பும்போதே சொல்லியிருந்தார்: "இன்ஜின் மக்கர் பண்ணா என்ன செய்வேன்னு காட்டணும்மா."

சொன்னபடி மனுஷன் கோளாறு கொடுத்துவிட்டார் என்று நினைத்தாள். மடியிலிருந்த ஃபைலுக்கு அடியில் எந்த ஸ்விட்சைத் தட்டினாரோ!

"என்ன பண்ணப் போற?" என்றார் அவர்.

"காத்துல ஈரம் ஜாஸ்தி சார். கார்புரேட்டர்ல ஐஸ் கட்டியிருக்கலாம். சூடு குடுத்துப் பாக்குறேன்."

குமிழை இழுத்தாள். இருமல் குலுக்கலானது.

"சரி, அப்புறம்?"

"பெட்ரோலக் கொஞ்சம் கூட்டுறேன் சார்."

குலுக்கல் உதறலானது. கதவுகள் பழைய டவுன் பஸ் ஜன்னல் போலக் கடகடத்தன. ஃபைல் நழுவிக் கீழே விழுந்தது.

"ரொம்பத் தத்ரூபமா இருக்கு," என்றார் தமிழரசன், மிட்டாயைச் சப்பிக்கொண்டே.

தன்னைத்தானே இப்படிப் புகழ்ந்துகொள்கிறாரே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் பரீட்சையாயிற்றே.

"ஆமா சார், பிரமாதம்."

தமிழரசன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

உயரம் குறைந்துகொண்டே வந்தது. வெண்ணாற்றங்கரையில் நடவு நடும் பெண்கள் நிமிர்ந்து பார்ப்பதுகூடத் தெரிந்தது.

"தீப்பொறி குடுக்க ரெண்டு மேக்னெட்டோ இருக்கு சார். எதுல கோளாறுன்னு ஒவ்வொண்ணா பாக்குறேன்."

முதலில் இடது மேக்னெட்டோவில் மட்டும் ஓடும்படி சாவியைத் திருப்பினாள்.

டமார். வயலில் இருந்த கொக்குகள் மொத்தமாக எழும்பின. தமிழரசனின் மிட்டாய் தொண்டைக்குள் போய்விட்டது.

சட்டென்று வலதுக்கு மாற்றினாள். இன்ஜின் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது.

"இடதுதான் சார் கெட்டிருக்கு. வலதுலயே திரும்பிப் போயிடுறேன்."

"அந்த டமாரை இன்னொரு தடவை காட்டேன்."

"வேண்டாம் சார். நிஜக் கோளாறா இருந்தா தொட மாட்டோம்ல?"

"அதுவும் சரிதான்," என்று சிரித்தார்.

பூப்போல இறக்கினாள். வெடிச் சத்தம் கேட்டுக் காத்திருந்த மெக்கானிக் சுமையா உடனே இன்ஜின் மூடியைத் திறந்து வேலையில் இறங்கினாள். மற்ற இருவரும் நிழலில் நின்று டீ குடித்தார்கள்.

"பாஸ்மா," என்றார் தமிழரசன். "கொஞ்சம்கூடப் பதறல. ஆனா செஞ்சு காட்டுறதுக்காக அவ்வளவு குலுக்கியிருக்க வேண்டாம். என் இடுப்பு போச்சு."

சுடர்விழி டீயை இறக்கினாள். "நானா? குலுக்கினது நீங்கதானே சார்?"

கழற்றிய மேக்னெட்டோவைக் கையில் ஏந்தியபடி சுமையா அங்கே வந்து நின்றாள்.

"யாரும் குலுக்கலைங்க. உள்ள பல்சக்கரமே ஒடைஞ்சு கெடக்கு."