கன்றுக்கு இனிஷியல்

சகல ஜீவராசிகளுக்கும் தகப்பன் பெயர் இருந்தாக வேண்டும் என்று இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் வளைகுடாப் பால் கம்பெனி ஒன்றின் ரூவி தலைமை அலுவலகம் தீர்மானித்தது. அந்த இடம் காலியாக இருந்தால் மனிதனையே ஏர்போர்ட்டில் நிறுத்துகிறார்கள். பால் பண்ணைக் கன்றுக்குட்டிக்கு மட்டும் என்ன சலுகை?

பண்ணையில் சினை ஊசி போடுகிறவன் ரெங்கராஜ். கல்யாணமான நான்கு வருஷத்தில் அவனும் பஞ்சவர்ணமும் சேர்ந்திருந்தது நாற்பத்தைந்தே நாள். பிள்ளை இல்லை. லீவுக்கு எழுதிக் கொடுத்து எட்டு மாதமாகிவிட்டது. கன்றுகளின் ஃபாரத்தை முடித்தால்தான் லீவைப் பார்ப்பேன் என்று கிளார்க் சிவசங்கரன் சொல்லிவிட்டார்.

ரெங்கராஜ் உள்ளதைச் சொன்னான். தகப்பன் ஹாலந்தில் இருக்கிறது. விந்து மட்டும் குழாயில் உறைந்து விமானத்தில் வரும். அதற்குப் பெயரில்லை, நம்பர்தான். நம்பரை இனிஷியலாகப் போட முடியாது என்றார் சிவசங்கரன்.

"அப்ப பசு யாரால சினையாச்சு?"

கைராசிக்காரன் என்று பண்ணையே சொல்லும் பெருமை ரெங்கராஜின் நாக்கை முந்திக்கொண்டது.

"எல்லாம் நம்ம கைதான் சார்."

நாற்பத்திரண்டு கன்றுகளும் 'ரெ.' இனிஷியலோடு பதிவாயின.

மறுவாரம் லீவு நிராகரிக்கப்பட்டது. 'மனுதாரரின் பிள்ளைகள் உடன் வசிப்பதால் ஊர் செல்லும் அவசியம் எழவில்லை.' வேண்டுமானால் பிள்ளைகளின் தாய்மாரிடம் என்ஓசி வாங்கி வரலாமாம்.

ரெங்கராஜ் கொட்டகைக்குப் போய் முதல் பசுவிடம் தாளை நீட்டினான். பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்துதான் நீட்டினான், லீவு வேண்டியிருந்தது. பசு அதைத் தின்றது. பிறகு படுத்துக்கொண்டு, உள்ளே போனதை வாய்க்குத் திரும்ப வரவழைத்து, அரை மணி நேரம் அசைபோட்டது. ரூவியில் எந்தத் தாளுக்கும் இவ்வளவு கவனிப்பு கிடைத்ததில்லை.

விவரம் கேட்ட சிவசங்கரன், 'வாய்வழி ஒப்புதல் பெறப்பட்டது' என்று எழுதினார். மற்ற நாற்பத்தொன்றுக்கும் அதையே எழுதினார். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றது.

"இப்ப சினையா எத்தனை நிக்குது?"

"பதினேழு சார்."

"அதுக்கும் அப்பா நீதானே? கன்னு போடறப்ப அப்பா பக்கத்துல வேண்டாமா? கடைசிக் கன்னு விழட்டும், போயிட்டு வா. கடைசியா எப்ப ஊசி போட்டே?"

"இன்னைக்குக் காலையில. மூணு."

"அப்ப இன்னும் ஒன்பது மாசம். நாளைக்கும் ஊசி போடற டூட்டி இருக்கா?"

இருக்கிறது என்றான்.

வெள்ளிக்கிழமை போனில் பஞ்சவர்ணத்திடம் இதைத் தமாஷாகவே சொன்னான். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"அங்க அத்தனை கன்னுக்கும் உங்க பேரு. இங்க எனக்குத்தான் ஊர்ல வேற ஒரு பேரு வச்சிருக்காங்க."

டூட்டிக்கு நேரமாச்சு என்று ரெங்கராஜ் போனை வைத்தான்.