ரேஸ் வண்டிக்கு சேலை கார்டு

இன்று முதல் இந்த வீட்டில் என் பேச்சுதான் சட்டம் என்று முடிவெடுத்தேன். எல்லா விஷயத்திலும் அல்ல. அவ்வளவு பேராசை எனக்குக் கிடையாது. ஒரே ஒரு விஷயத்தில். என் ஆர்.டி. முந்நூற்றைம்பது மோட்டார் சைக்கிளுக்கு சேலை கார்டு மாட்டமாட்டேன்.

சேலை கார்டு தெரியுமல்லவா? பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து வரும் பெண்களின் சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்க, இடது பக்கம் மாட்டுகிற கம்பி வலை. நல்ல பொருள்தான். மற்ற வண்டிகளுக்கு. என் வண்டி ரேஸ் மைதானத்துப் பரம்பரை. அதற்குக் கம்பி வலை மாட்டுவது பந்தயக் குதிரைக்குக் கொலுசு போடுகிற வேலை.

நான் தேவராஜ். அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய மிஷின் வாங்கி விற்கிறவன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. மிச்சத்தைத் தெரு அடித்துச் சொல்லிக்கொடுத்தது. பேரத்தில் என்னை ஜெயித்தவன் ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை இல்லை. விலை சொன்னதும் சிரிப்பேன். அப்புறம் முறைப்பேன். அப்புறம் திரும்பி நடப்பேன். பின்னாலிருந்து “அண்ணாத்தே, நில்லு!” என்று குரல் வரும். வராவிட்டால் செருப்பைச் சரிசெய்கிற மாதிரிக் குனிவேன். நிமிர்வதற்குள் வந்துவிடும்.

அப்படித்தான் அந்த வண்டியை பட்டாபிராமில் ஒரு கொட்டகையிலிருந்து தூக்கிவந்தேன். அப்போது அதன் மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியையும் சேர்த்துக் கேட்டேன். தரவில்லை. கள்ளிக்குப்பத்தில் எங்கள் முன்னறையில் நிறுத்தி, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றித் துடைத்து, உயிர் கொடுத்தேன். அந்த இடத்திலிருந்த ஹேமாவதியின் தையல் மிஷின் சமையலறைக்குக் குடிபோனது.

ஹேமாவதி என் மனைவி. அவளுக்கும் குரல் உண்டு.

“இன்னா மாமா, சேலை கார்டு எப்ப மாட்டப்போற?”

“ரேஸ் வண்டிமே அது!”

“எந்த ரேஸுக்கு? கொத்தமல்லி வாங்கினு வரதுக்கே உனக்கு மூச்சு வாங்குது.”

“எனக்கு இல்லமே. வண்டிக்கு!”

“வண்டிக்கும் மூச்சு வாங்குதா?”

துணியை எடுத்து டேங்கைத் துடைத்தேன்.

“தோ பாரு,” என்றாள். “ஒண்ணு, கார்டு மாட்டு. இல்ல, வித்துட்டு என் மிஷினுக்கு எடத்த வுடு. தைக்கிற ஜாக்கெட்டுல எல்லாம் மீன் வாசன வருதுன்னு கஸ்டமரு சொல்றா.”

விற்பதா? அந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது.

என் கடைக்குப் பக்கத்து லேத் பட்டறையில் ஜஸ்டின் என்று ஒருவன். நெமிலிச்சேரியிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவன். அவன் முகம் ஹேமாவுக்குத் தெரியாது என்பது என் கணக்கு. “வண்டி வாங்க வர மாதிரி வா. கண்டபடி கொற சொல்லு. சும்மா குடுத்தாலும் வேணாம்னு சொல்லிட்டு நடையக் கட்டு,” என்றேன். விலை போகாத வண்டி என்று தெரிந்தால் ஹேமா வாயை மூடிக்கொள்வாள். கூலி, அவனுக்குப் போதும் போதும் என்கிறவரை முட்டைப் பரோட்டா.

ஞாயிற்றுக்கிழமை ஜஸ்டின் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்தான். தோளில் ஒரு சாக்குப்பை. வண்டியைச் சுற்றி வந்தான்.

“இதான் வண்டியா? பால் கேன் வெக்கிற ஸ்டாண்டுன்னு நெனச்சேன்.”

காது சுட்டது. பரவாயில்லை, நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

“இந்தத் துருவுல ஏறினா போலீஸ்காரன் லைசென்ஸ் கேக்க மாட்டான். டி.டி. ஊசி போட்டியான்னு கேப்பான்.”

இது நான் சொல்லிக்கொடுக்காதது.

“கரெக்டா சொன்ன தம்பி,” என்றாள் ஹேமா. சிரித்த முகம். “தகரந்தான். எடைக்காவது எட்த்துக்கோயேன்.”

“சும்மா குடுத்தாலும் வேணாங்க்கா.”

ஜஸ்டின் திரும்பி நடந்தான். நான் மூச்சு விட்டேன். அந்தப் பாவி கேட்டுக்குப் பக்கத்தில் போய்ச் செருப்பைச் சரிசெய்யக் குனிந்தான்!

“தம்பி, நில்லு! டெம்போ வாடகையும் நானே தரேன். எட்த்துகினு போ.”

“அப்ப சரிக்கா. இஞ்சினக் கழட்டித் தண்ணி மோட்டாருக்கு மாட்டிக்கிறேன்.”

எனக்குள் ஏதோ வெடித்தது.

“தண்ணி மோட்டாரா? டேய்! இது இன்னா இஞ்சினு தெரியுமாடா? ரெண்டு சிலிண்டரு! ஒண்ணு ஏறும்போது ஒண்ணு எறங்கும். கார்புரேட்டருக்குப் பின்னால நாக்கு மாதிரி மெல்லிசா தகடு கீது பாரு. இஞ்சினு மூச்ச இழுத்தா தொறக்கும், திருப்பி வுட்டா மூடிக்கும். உள்ள போனது வெளிய வராது! சைலன்ஸரு ஏன் வயிறு பெருத்து வாலு சிறுத்துக் கீது? அழகுக்கா? வெளிய ஓடுற புகையில கெளம்புற அலை அந்த வாலுல முட்டித் திரும்பி வந்து, தப்பிச்சு ஓடுற பெட்ரோலக் கழுத்தப் புடிச்சு உள்ள தள்ளும்டா! ஆறு கியரு! மீட்டர் முள்ளு பாதி தூரம் போறவரைக்கும் மாமியார் ஊட்டு மாப்ள மாதிரி அடக்கமா கீது. அதத் தாண்டிச்சு, முன் சக்கரம் தரையில நிக்காது! ரேஸுல கத்துக்கினத ரோட்டு வண்டியில வெச்சுக் குட்த்துருக்கான். தண்ணி மோட்டாராம்!”

எதிர்வீட்டு சரசா குக்கர் விசிலைக்கூட எண்ணாமல் வெளியே வந்து நின்றாள்.

ஹேமா மெதுவாகக் கேட்டாள். “அவ்ளோ நல்ல வண்டியா மாமா?”

“இதமாரி வண்டி இனிமே பொறக்காதுமே!”

“விக்க மாட்ட?”

“என்னை வித்துட்டு அப்பறம் இத வித்துக்க!”

“உன்ன எவன் வாங்குவான்? சரி, விக்காத. அப்ப கார்டு?”

“ஒண்ணு இல்ல, பத்து மாட்டுறேன்மே! வண்டி ஊட்ட வுட்டுப் போவாது!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதுக்கு வந்தது. ஜஸ்டின் சாக்குப்பையைத் திறந்தான். உள்ளே பளபளவென்று ஒரு சேலை கார்டு. என் வண்டிக்கென்றே அளவெடுத்து வெல்டிங் வைத்தது.

“டேய்... இது எப்படா செஞ்ச?”

“மன்னிச்சுக்க அண்ணாத்தே. நீ பரோட்டா பேசின. அண்ணி வாரா வாரம் வஞ்சிரம் மீன் கொழம்பு பேசினாங்க.”

என் வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைவிடக் கூட விலை கொடுத்து ஒருவர் பேரத்தை முடித்திருந்தார்.

போகட்டும். மானம் போனாலும் வண்டி நின்றது. தையல் மிஷின்கூட அதன் பக்கத்திலேயே ஒண்டிக்கொண்டது. அடுத்த வாரம் ஆவடியில் மைத்துனன் கல்யாணம். பட்டு வேட்டி கட்டி, மீசையை முறுக்கி, சாவியைத் தேடினேன். இல்லை. வாசலில் ஹேமா, சுடிதாரில், ஹெல்மெட்டோடு. வண்டியின் முன் சீட்டில்.

“இன்னாமே இது? கண்டவங்க ஒதச்சா கெளம்பாது. அதுக்கு ஒரு பக்குவம்...”

கிக்கரை மெதுவாக அழுத்தினாள். இஞ்சின் எதிர்க்கிற இடம் வந்ததும் நிறுத்தினாள். ஒரே உதை. நான் வேர்வை சிந்தி, கெட்ட வார்த்தை சிந்தி, கெஞ்சிக் கிளப்புகிற வண்டி, பூனைக்குட்டி மாதிரி உறுமியது.

“எப்டிமே?”

“நீ தெனம் ஒதைக்கிறதப் பாத்துகினுதான கீறேன். கியரு ஜஸ்டின் தம்பி கத்துக்குட்த்தான், லேத்துக்குப் பின்னால, நீ மத்தியானம் கடையில தூங்கறப்ப. லைசென்ஸ் போன மாசமே வாங்கிட்டேன்.” கட்டப்போகிற பட்டுச்சேலையைப் பையில் வைத்து என் கையில் திணித்தாள். “குந்து. முகூர்த்தத்துக்கு நேரமாவுது.”

பட்டு வேட்டியோடு காலை அகட்டி உட்கார முடியுமா? ஒருக்களித்து உட்கார்ந்தேன். இடது பக்கம். மடியில் சேலைப் பை. சரசா கை காட்டினாள். ஹேமா கிளட்சை விட்டாள். முள் பாதியைத் தாண்டியது. வண்டி எம்பியது, நான் அவள் தோளைப் பிடித்தேன். சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். என்னைவிட நன்றாக ஓட்டினாள்.

“மாமா,” என்றாள், திரும்பாமல். “வேட்டி பறக்குது பாரு. கார்டுக்கு வெளிய வெச்சுக்க.”

வைத்துக்கொண்டேன்.