எதிர்முனையில் உட்கார்ந்த கரடி

ஒரு காட்டில் திடீரென்று எல்லோருக்கும் தொப்பை விழுந்தது. காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. காட்டை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம் கட்டினார்கள். முகூர்த்தம் முடிந்ததும் மிச்சத்தையெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம் கொட்டினார்கள். புல் மேய்ந்த வாய் கேசரி கேட்டது. ஓடினால் மூச்சு வாங்கியது. ஓடாமல் உட்கார்ந்திருந்தாலும் வாங்கியது.

ஆகவே, நாகரிகம் தெரிந்தவர்கள் செய்வதை மிருகங்களும் செய்தன. சாப்பாட்டைக் குறைக்கவில்லை. ‘இளைப்போம் வாரீர்’ என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கின.

கோச்சாகச் செங்கோடன் என்ற கரடியைப் போட்டார்கள். உடற்பயிற்சி பற்றி அவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் உற்சாகப்படுத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. யாராவது தும்மினால்கூட, “அருமை! என்னா தும்மல்!” என்று கை தட்டுவார். மனிதர், அதாவது கரடி, தனிக்கட்டை. காலையில் எல்லோருக்கும் ‘உன்னால் முடியும்’ என்று ரோஜாப்பூப் படம் அனுப்புவார். பதிலுக்கு ஒரே ஒரு கட்டைவிரல் வந்துவிட்டால் போதும், அன்று முழுக்கச் சந்தோஷமாக இருப்பார்.

எடை பார்ப்பது வெள்ளிக்கிழமை. காட்டில் எடை மெஷினுக்கு எங்கே போவது? ஒரு பாறைமேல் குறுக்காக விழுந்து கிடந்த மரத்தைப் பூங்காவில் இருக்கும் சீசா மாதிரி ஆக்கிக்கொண்டார்கள். ஒரு முனையில் கோச் உட்காருவார். மறுமுனையில் உறுப்பினர் உட்காருவார். உறுப்பினரின் பக்கம் மேலே போனால் இளைத்துவிட்டார், கீழே போனால் இளைக்கவில்லை. இதில் ஒரு ஓட்டை இருப்பது உங்களுக்குத் தெரிகிறது. அவர்களுக்குத் தெரியவில்லை. எல்லோரும் அவரவர் முனையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் வெள்ளிக்கிழமை பாவாயி என்ற காட்டுப்பன்றி ஏறி உட்கார்ந்தாள். தொப்பென்று கீழே போனாள்.

“வாரம் பூரா வாயக் கட்டுனேனுங்ணா,” என்று அழுதாள். “பாயசம் மட்டுந்தான் குடிச்சேன்.”

செங்கோடனுக்கு மனசு தாங்கவில்லை. அடுத்தவர் அழுதால் பார்த்துக்கொண்டிருக்க முடியாத ஜென்மம் அது. அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வருமுன் இரண்டு முழுப் பலாப்பழத்தைக் கொட்டையோடு தின்றுவிட்டு வந்து தன் முனையில் உட்கார்ந்தார். பாவாயி ஜம்மென்று மேலே போனாள்.

“எளச்சுட்டேன்! கோச்சண்ணா, நான் எளச்சுட்டேன்!”

“நாந்தான் சொன்னேனே அம்மிணி!” என்று கை தட்டினார் செங்கோடன். வயிறு விண்ணென்று இருந்தது. மனசு நிறைந்திருந்தது.

இளைத்ததைக் கொண்டாட வேண்டாமா? பாவாயி தோழிகளோடு மண்டபத்து வேலியோரம் போய் ஒரு பிடி பிடித்தாள். கடமான் ராக்கியப்பன் தன் வெற்றிக்கு மூன்று வகை அல்வா தின்றான். இதனால் வாராவாரம் எல்லோர் எடையும் ஏறியது. எல்லோர் எடையையும் முந்திக்கொண்டு ஏற வேண்டிய பொறுப்பு கோச் தலையில் விழுந்தது. அவரும் சளைக்கவில்லை. பசிக்காதபோது தின்றார், பிடிக்காததைத் தின்றார், புற்றைத் தின்னும்போது கறையானோடு மண்ணையும் சேர்த்துத் தின்றார். குரூப் அமோகமாக ஓடியது. பக்கத்துக் காட்டிலிருந்தெல்லாம் வந்து சேர்ந்தார்கள்.

ஒருநாள் தேன்கூட்டுக்கு ஏறப்போன செங்கோடன் பாதி மரத்தில் மூச்சு முட்டிக் கீழே வந்து விழுந்தார். மரங்கொத்தி டாக்டர் வந்து அவர் நெஞ்சில் டொக் டொக்கென்று தட்டிப் பார்த்தது.

“இருதயத்தத் தட்டுனா கொழுப்புத்தான் பதில் சொல்லுது,” என்றது டாக்டர். “இப்படியே தின்னீங்கன்னா அடுத்த மழையப் பாக்க மாட்டீங்க.”

செங்கோடன் பயந்துவிட்டார். யாரிடமும் சொல்லாமல் வாயைக் கட்டினார். பொழுது விடிந்ததும் ஆற்றங்கரையில் நடந்தார். குரூப்புக்கு ரோஜாப்பூ அனுப்புவதை மட்டும் நிறுத்தவில்லை. உண்மையிலேயே இளைத்தார். அந்தக் குரூப்பில் இளைத்த முதல் ஆள் அவர்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. பாவாயி உட்கார்ந்தாள், தொப். ராக்கியப்பன் உட்கார்ந்தான், தொப். பக்கத்துக் காட்டுக்காரர்களும் வரிசையாகத் தொப், தொப்.

“ஏனுங்ணா, நீங்க இப்பெல்லாம் எங்கள முன்ன மாதிரி கவனிக்கறதே இல்ல,” என்றான் ராக்கியப்பன்.

இனி மறைக்க முடியாது என்று செங்கோடன் எழுந்து நின்றார். “நீங்க யாரும் எளைக்கவே இல்லீங்க. நான் எதிர்ப்பக்கம் தின்னு தின்னு கனத்தேன். அதனாலதான் நீங்க மேல போனீங்க.”

பாவாயி மெல்லக் கேட்டாள்: “அப்ப, இத்தன நாளா எங்களுக்காகவா தின்னீங்க?”

“ஆமா அம்மிணி.” செங்கோடனுக்குக் கண் கலங்கியது. கடைசியில் ஒருத்தி புரிந்துகொண்டாளே!

“அப்பறம் எதுக்குங்ணா நிறுத்துனீங்க?”

“தின்னா செத்துப்போயிருவேன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க.”

ராக்கியப்பன் தொண்டையைச் செருமினான். “சாகறது அவங்கவங்க சொந்த விஷயமுங்ணா. அதக் கொண்டாந்து குரூப்புல போடக் கூடாது. மனசத் தளர்த்தற பேச்சு இங்க ஆகாதுன்னு ரூல் போட்டதே நீங்கதான்.”

அது உண்மைதான். செங்கோடன் குகைக்குப் போய்ச் சேருவதற்குள் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். காலையில் ரோஜாப்பூவை எடுத்து வைத்துக்கொண்டு அனுப்ப ஆளில்லாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நிஜமாகவே அழுதார். பசிகூட இல்லை, அதனால் இன்னும் கொஞ்சம் இளைத்தார்.

புதிய கோச்சாக வேலாத்தா என்ற யானையைப் போட்டார்கள். அந்த அம்மாளுக்குக் கை தட்டத் தெரியாது, யார் பெயரும் ஞாபகத்தில் நிற்காது. மண்டபத்துக்கு வாழைத்தார் வருகிறதா என்று பார்க்க வந்த இடத்தில் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பாவாயி முதல் ஆளாக மரத்தின் முனையில் ஏறினாள். எதிர்முனையில் வேலாத்தா மெதுவாகப் பின்பக்கத்தை இறக்கினார். அவ்வளவுதான். பாவாயி மரங்களுக்கு மேலே போனாள், கொக்குகளைத் தாண்டினாள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இலந்தைப் புதரில் போய் விழுந்தாள்.

பின்னங்கால் ஒடிந்திருந்தது. முகமெல்லாம் முள். ஆனால் அந்த முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை அந்தக் காடு அதற்குமுன் கண்டதில்லை.

“ஒரே வாரத்துல!” என்று கத்தினாள். “பறக்கற அளவுக்கு எளச்சுட்டேன்! அந்தக் கரடி நம்ம காலத்த எப்படி வீணடிச்சிருக்குது பாத்தீங்களா!”

இந்தக் கரையில் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு அடுத்து ஏற நின்றார்கள். தேன்மரத்தின் உச்சியில், மூச்சு வாங்காமல் ஏறி உட்கார்ந்திருந்த செங்கோடன் எல்லாவற்றையும் பார்த்தார். பழக்கதோஷம், யாருக்கும் கேட்காமல் மெதுவாகக் கை தட்டினார்.

நீதி: இளைக்க விரும்புகிறவர் சாப்பாட்டைக் குறைக்க வேண்டியதில்லை, தன்னைவிடக் குண்டான கோச் கிடைத்தால் போதும்.