இரண்டேகால் கிலோ சைக்கிளும் கனம் சடையப்பரும்

ஒரு காட்டில், சிங்கத்தின் ஆட்சி ஒழிந்து அலுவலகத்தின் ஆட்சி வந்த பிறகு, சடையப்பன் என்றொரு கரடி இருந்தது. பிறந்ததிலிருந்து யாரும் அதற்கு எதையும் சும்மா கொடுத்ததில்லை. மழைக்குக் குகை, வெயிலுக்கு நிழல், எல்லாவற்றையும் சண்டை போட்டுப் பேரம் பேசித்தான் வாங்கியது. கல்யாண முகூர்த்தத்தைக்கூட ஜோசியம் பார்த்த கிளியிடம் அரை மணி நேரம் குறைத்து வாங்கியதாகச் சொல்வார்கள்.

அந்தக் காட்டின் நடுவே ஒரு பெரிய பள்ளம். அக்கரையில் தேன்பாறை. பாறை முழுக்க அடை அடையாகத் தேன். இரண்டு கரைக்கும் நடுவே ஒரே ஒரு கொடிப்பாலம். பூக்காலம் முடிந்த மறுநாள் காலையில், சைக்கிளில் பாலத்தைக் கடந்து யார் முதலில் பாறையைத் தொடுகிறாரோ, அந்த வருடத் தேன் மொத்தமும் அவருக்கே. ஏன் சைக்கிளில், நடந்து போனால் ஆகாதா என்று கேட்காதீர்கள். அது அலுவலக ஆணை. அப்படிக் கேட்ட முயல் ஒன்று பதிலுக்காக இன்னும் வரிசையில் நிற்கிறது.

சைக்கிள் ஏழு கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது, பாலம் தாங்காது என்பதும் ஆணை. சடையப்பனின் இரும்புச் சைக்கிள் இருபத்திரண்டு கிலோ. மூன்று வருடம் தொடர்ந்து தராசிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று வருடமும் பாறையைத் தொட்டது புனுகுசாமி என்ற மரநாய். தொட்டதா, தின்றதா, வாயை மூடிக்கொண்டு இருந்ததா? இல்லை. அக்கரையில் உட்கார்ந்து விரலை நக்கிக்கொண்டே கத்தும்:

"அண்ணே! இந்த வருஷம் தித்திப்பு கொஞ்சம் ஓவரு! நீங்க வராததே நல்லதாப் போச்சு!"

இக்கரையில் தேன் தீர்ந்து இரண்டு வருடமாகிறது. கரையான் தின்று தின்று சடையப்பனுக்கு நாக்கே மரத்துப்போயிருந்தது. இந்த வருடமும் விட்டால் தேன் என்பது எப்படி இருக்கும் என்றே மறந்துவிடும் போலிருந்தது.

நேராகச் சந்தைக்குப் போனது. அங்கே நரி ஒன்று சைக்கிள் கடை வைத்திருந்தது.

"இந்த வண்டி ஒன்பது கிலோண்ணே. விலை ஒரு மூட்டை இலுப்பைப்பூ. இது எட்டு கிலோ, மூணு மூட்டை. இதோ இது ஏழு. பத்து மூட்டை."

"நில்லு. சாமான் குறையக் குறைய விலை ஏறுதா?"

"லேசா இருக்கறதுக்குத்தாண்ணே விலையே."

"ரெண்டு கிலோவைப் பிடுங்கி வெச்சுக்கிட்டு ஒன்பது மூட்டை கூடக் கேக்கறியே, வெங்காயக் கடையில இப்படிப் பண்ணினா உதைக்க மாட்டாங்களா?"

"அண்ணே, இது டெக்னாலஜி."

"இல்லாததை விக்கறதுக்கு இப்ப அதுதான் பேரா? எங்கிட்ட இல்லாதது ஆயிரம் இருக்கு. வீட்டுக்கு வா, மூட்டை பத்துன்னு தர்றேன், அள்ளிக்கிட்டுப் போ!"

அந்தக் கோபத்தில் வீட்டுக்கு வந்த சடையப்பன், தானே ஒரு சைக்கிள் செய்வது என்று முடிவு செய்தது.

முதலில் மூங்கில் வெட்டிச் சட்டம் கட்டியது. மூங்கில் லேசுதான், ஆனால் துளை போட்டால் இன்னும் லேசு. மரங்கொத்தி செங்கொண்டையைக் கூப்பிட்டது.

"துளைக்கு ஒரு புழு" என்றது செங்கொண்டை.

"உள்ளே இருக்கற புழுவெல்லாம் உனக்குத்தான். தூளும் உனக்கு. கொத்தறதுக்கு இடம் என்னுது. நியாயமாப் பார்த்தா நீதான் எனக்கு வாடகை தரணும்."

செங்கொண்டைக்குக் கணக்கு எங்கேயோ இடிப்பது தெரிந்தது. எங்கே என்று தெரிவதற்குள் கொத்த ஆரம்பித்திருந்தது. கொத்த ஆரம்பித்தால் அதற்கு நிறுத்தத் தெரியாது. நூற்றுப் பன்னிரண்டாவது துளையில் சடையப்பன் அலறியது: "போதும்டா! இன்னும் கொத்தினா துளை மட்டும்தான் மிஞ்சும், அதைச் சுத்தி மூங்கில் இருக்காது!"

அடுத்து சக்கரம். கம்பிக்குப் பதிலாக முள்ளம்பன்றியின் முள்ளைப் போட்டால் எடை பாதியாகும். ஊசியம்மாள் என்ற முள்ளம்பன்றியின் வளைக்குப் போனது.

"உதிர்ந்த முள்ளுதானே, சும்மா குடு. உனக்கு அது குப்பை."

"என் முள்ளு குத்தினா புலியே அழும், தெரியும்ல?"

"அப்ப அழற புலிகிட்ட வித்துக்க. எனக்கு அறுபத்துநாலு வேணும்."

ஊசியம்மாள் யாராவது கேட்கிறார்களா என்று வளைக்கு வெளியே எட்டிப் பார்த்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது: "விலையெல்லாம் வேணாம். என் முதுகைக் கொஞ்சம் சொறிஞ்சு விடுவியா? பிறந்ததிலேர்ந்து ஒருத்தரும் சொறிஞ்சு விட்டதில்ல."

பேரத்தில் தோற்றதே இல்லாத சடையப்பன் அன்று ஒரு பகல் முழுக்க அந்த முதுகைச் சொறிந்தது. மூன்று நாளைக்கு உள்ளங்கையை மடக்க முடியவில்லை. ஆனால் அறுபத்துநாலு முள்ளும் வந்துவிட்டன. கொசுறாக மேலே ஆறு, கையிலேயே குத்திக்கொண்டு.

டியூபுக்குப் பாம்புச் சட்டை. சீட்டுக்குச் சுரைக்குடுக்கை. செயினுக்கு முறுக்கிய நார். எல்லாம் மாட்டித் தராசில் வைத்தால் ஐந்தே முக்கால் கிலோ!

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எடை குறைக்கிற பைத்தியம் பிடித்தவனை யார் நிறுத்த முடியும்? மணியைக் கழற்றியது, அதற்குப் பதில் ஒரு சில்வண்டைச் சம்பளத்துக்கு வைத்தது. வண்டு தன் சிறகிலேயே பறந்து கூட வரும், எடையில் சேராது. ஸ்டாண்டைக் கழற்றியது. "சாய்ச்சு வைக்கக் காட்டுல மரமா இல்ல?" பிரேக்கைக் கழற்றியது. "நான் எதுக்கு நிக்கணும்? தேன் வந்தா நானே நிப்பேன்." வலது பெடலைக் கழற்றியது. "இடது கால் வேலை செய்யட்டும், வலது கால் மேற்பார்வை பார்க்கட்டும்." ஒருநாள் சக்கரத்தில் ஒட்டியிருந்த எறும்பை ஊதி விட்டுத் திரும்ப எடை போட்டது.

கடைசியில் இரண்டேகால் கிலோ. சுண்டுவிரலில் தூக்கிக்கொண்டு காடு முழுக்க ஆடிக்கொண்டே சுற்றி வந்தது.

அதன் மனைவி சடைச்சி இதையெல்லாம் பலாப்பழம் உரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, ஒண்ணு கேக்கட்டா? அந்த எறும்பு எவ்வளவு இருக்கும்?"

"அரை கிராம்கூட இருக்காது. ஆனா அரை கிராம் அரை கிராம்தானே!"

"காலையில நீங்க தின்ன பலாப்பழம் ஆறு கிலோ."

"அதுக்கென்ன?"

"அதையும் பாலத்து மேல நீங்கதானே தூக்கிட்டுப் போகப் போறீங்க?"

"சடைச்சி! ஆணையில வண்டி எடைன்னுதான் போட்டிருக்கான். நான் வண்டியா? என்னைப் பார்த்தா உதிரி பாகம் மாதிரி தெரியுதா?"

இந்த இடத்தில் வேறு கதையாக இருந்தால் கரடி மனம் திருந்தி, பட்டினி கிடந்து, மெலிந்து, வெற்றி பெறும். இந்தக் கரடி இன்னொரு பலாச்சுளை எடுத்துக்கொண்டது.

வெள்ளோட்டம் பார்க்க மேட்டிலிருந்து வண்டியை விட்டது. காற்று மூங்கிலுக்குள் புகுந்ததும் நூற்றுப் பன்னிரண்டு துளையும் ஒரே நேரத்தில் ஊத ஆரம்பித்தன. மயில்கள் தோகையை விரித்துவிட்டு யாருக்காக விரித்தோம் என்று திகைத்தன. கல்யாண ஊர்வலம் என்று நினைத்து இரண்டு குரங்குகள் சாப்பாட்டு இலையைப் பறித்துக்கொண்டு பின்னாலேயே ஓடின. பிரேக் இல்லாததால் சடையப்பன் ஒரு கரையான் புற்றில் மோதி நின்றது. எழுந்து, வாயில் விழுந்த கரையானைத் துப்பிவிட்டு, "வேகம் போதாது" என்றது.

போட்டி நாள் வந்தது. பாலத்து முனையில் அலுவலக மேசை. மேசைக்குப் பின்னால் ஒற்றைக்காலில் தூங்கியபடி குமாஸ்தா நாரை. வரிசையில் முதலில் புனுகுசாமி, பளபளவென்று கடைச் சைக்கிளோடு. அதன் பின்னால் சடையப்பன்.

"என்னண்ணே, மூங்கில் குச்சியைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க? கொடி ஏத்தப் போறீங்களா?"

"சிரிடா சிரி. சாயங்காலம் நான் நக்குவேன், நீ பார்ப்ப."

படிவம் கொடுத்தார்கள். சடையப்பன் வாங்கிப் படித்தது. முதல் கட்டம்: வண்டியின் எடை. சிரித்துக்கொண்டே இரண்டேகால் என்று எழுதியது. அடுத்த கட்டத்தைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

இந்த வருடம் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். 'ஓட்டுபவரின் கனம்.' கீழே பொடி எழுத்தில்: முப்பது கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை.

சடையப்பன் நூற்றுமுப்பது கிலோ. பலாச்சுளை சேராமல்.

துளை போட்டது, சொறிந்தது, எறும்பை ஊதியது எல்லாம் கண் முன்னால் ஓடியது. மூக்கு விடைத்தது. அக்கரையிலிருந்து தேன் வாசனை வேறு வந்து தொலைத்தது. புனுகுசாமியைத் தள்ளிவிட்டு மேசைக்குப் போனது.

"இங்க பாரு. ஏழு கிலோ வரைக்கும் வண்டிக்கு விடறீங்க. என் வண்டி ரெண்டேகால். மிச்சம் நாலே முக்கால் இருக்கில்ல? அதை என் கனத்துல கழிச்சுக்க."

நாரை ஒரு கண்ணைத் திறந்தது. "கழிச்சா?"

"அப்புறம் நீங்களே குடுக்கற முப்பது. மொத்தம் முப்பத்துநாலே முக்கால். மீதி வெறும் தொண்ணூத்தஞ்சேகால். நமக்குள்ள அதுக்குப் போய் என்ன, அட்ஜஸ்ட் பண்ணிக்க."

"அதெல்லாம் முடியாதுங்க. கட்டத்துல எழுதணும். உங்க கனம் என்ன?"

அவ்வளவுதான். மூன்று வருட ஆத்திரமும் ஒன்றாகக் கிளம்பியது. சடையப்பன் பின்னங்கால்களில் எழுந்து நின்றது. நாரையின் மேல் நிழல் விழுந்தது.

"என்னைப் பார்த்தா கனம் என்னன்னு கேக்கற? மூணு வருஷமா இந்த வாசல்ல நிக்கறேன், என் கனம் உனக்குத் தெரியாது? நான் யார்னு தெரியாது? எழுதுடா! என் கனத்தை நீயே எழுது!"

என்று மேசையில் ஓர் அறை விட்டது. மேசைக்கு நான்கு காலில் மூன்று மிஞ்சியது. நாரைக்குத் தூக்கத்தோடு சேர்ந்து புத்தியும் கலைந்துவிட்டது. அலகில் பேனாவைப் பிடித்து, அந்தக் கட்டத்தில் அழகாக எழுதியது:

'கனம் சடையப்பர் அவர்கள்.'

சட்டசபையில் 'கனம் அமைச்சர் அவர்களே' என்று கூப்பிடுவார்களே, அந்தக் கனம். எழுதி முடித்துத் தானே ஒருமுறை படித்துப் பார்த்தது. படித்ததும் நாரையின் இன்னொரு காலும் தானாகத் தரையில் இறங்கி, அது விறைப்பாக நின்றது. கட்டத்தில் எண் எதுவும் இல்லை. ஆகவே முப்பதுக்கு மேலும் இல்லை.

"ஐயா, வெயில்ல நிக்க வெச்சுட்டேனே! முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? நீங்கதான் முதல்ல போகணும். டேய், வழி விடுங்கடா!"

கனம் சடையப்பர் வண்டியில் ஏறினார். ஆமாம், ஏறினார். இனி நாமும் அப்படித்தான் சொல்ல வேண்டும்; நமக்கெதற்கு வம்பு.

புனுகுசாமி கத்தியது: "வரிசையில முதல்ல நின்னது நானுங்க!"

"உன் கனம் என்ன?" என்றது நாரை.

"மூணு கிலோ."

"மூணு கிலோவெல்லாம் ஒரு கனமா? ஓரமா நில்லு."

கனம் சடையப்பர் இடது பெடலை மிதித்தார். மூங்கில் ஊதியது. சில்வண்டு முன்னால் பறந்து வழி கேட்டது. பாலத்தின் முதல் பலகை 'ஐயோ' என்றது. இரண்டாவது பலகை சொல்வதற்கே இல்லை. கொடிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. பாலம் நடுவில் தொட்டில் மாதிரி தொங்க, வண்டி அந்தச் சரிவில் பிரேக் இல்லாத வேகத்தில் பாய்ந்தது. முட்கள் டக் டக்கென்று முறிந்து பறந்தன. பாம்புச் சட்டை வெடித்தது. சுரைக்குடுக்கை எங்கே போனது என்பதை இங்கே சொல்வது மரியாதையாக இருக்காது. சரிவின் அடியைத் தொட்டு, மறுபக்க மேட்டில் ஏறி, பாலம் இரண்டாக அறுந்த அதே நொடியில், வண்டி ஒரு பக்கமும் கனம் ஒரு பக்கமுமாக ஆகாயத்தில் கிளம்பினார்கள்.

வண்டி பள்ளத்தில் விழுந்தது. இரண்டேகால் கிலோ, சத்தமே கேட்கவில்லை. கனம் சடையப்பர் மூக்கால் தேன்பாறையைத் தொட்டார். மூக்கு உள்ளேயே போய்விட்டது. வெளியே எடுத்தபோது முகமெல்லாம் தேன். தேனீக்கள் கொட்டின. அவர் அழுதார், சிரித்தார், நக்கினார். எதை முதலில் செய்வது என்று தெரியாமல் மூன்றையும் சேர்த்துச் செய்தார்.

பிறகு பெரிய அடையாக ஒன்றைப் பிய்த்து இக்கரைக்கு வீசினார். சடைச்சி அம்மையார் ஒற்றைக் கையால் பிடித்தார்.

"ஏங்க! இப்ப எப்படித் திரும்பி வருவீங்க?"

"எதுக்கு வரணும்?" என்றார் கனம் வாய் நிறைய.

பாலம் அறுந்தது பற்றி அங்கேயே விசாரணை நடந்தது. மூன்று கால் மேசையை ஒரு கல்லில் முட்டுக்கொடுத்து வைத்து, நாரை படிவங்களைப் புரட்டியது.

"பாலத்தில் சென்ற வண்டியின் எடை இரண்டேகால். விதிக்கு உட்பட்டது. ஓட்டியவர் கனம். கனத்துக்குக் கிலோ கிடையாது. ஆகவே பாலத்தின் மேல் இருந்த பாரம் மொத்தமே இரண்டேகால் கிலோ. அதனால் அறுந்திருக்க முடியாது." இன்னொரு படிவத்தை எடுத்தது. "இதில் தெளிவாக ஓர் ஆளின் எடை எழுதியிருக்கிறது. மூன்று கிலோ. இந்தக் காட்டின் பதிவேட்டிலேயே எடை உள்ள ஆள் இவர் ஒருவர்தான். புனுகுசாமி!"

"நான் பாலத்துல காலே வைக்கலீங்களே!"

"வைக்கறதா இருந்தியா இல்லியா?"

"இருந்தேன், ஆனா..."

"கையெழுத்து உன்னுதா இல்லியா?"

"என்னுதுதான், ஆனா..."

"அடுத்த பூக்காலத்துக்குள்ள பாலத்தைக் கட்டி முடிக்கணும். கனம் அவர்கள் எப்ப வேணும்னாலும் திரும்பி வர நினைக்கலாம். கொடி, பலகை எல்லாம் உன் செலவு. இந்தப் படிவத்தை மூணு பிரதி எடுத்துக்கிட்டு வா."

புனுகுசாமி அன்று பகலிலிருந்தே கொடி முறுக்க உட்கார்ந்தது. அக்கரையில் கனம் சடையப்பர் விரலை நக்கியபடி, வேலை எப்படி நடக்கிறது என்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதி: வண்டியை எவ்வளவு வேண்டுமானாலும் இளைக்க வை, நீ மட்டும் இளைத்துவிடாதே. மூன்று கிலோ ஆளை நிறுத்துப் பார்ப்பார்கள். நூற்றுமுப்பது கிலோ ஆளை நிமிர்ந்து பார்ப்பார்கள்.